கோதுமை ஒவ்வாத இல்லம்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் இருப்புப்பாதையில் பங்காருபேட்டை ஒரு சந்திப்பு நிலையம். மைசூரில் கமிஷனராயிருந்த லூயின் பௌரிங் துரையின் பெயரால் முன்னாளில் பௌரிங்பேட்டை என வழங்கிய ஊர் இது. இங்கிருந்து பிரியும் கிளைப்பாதை கோலார் தங்கவயலைக் கடந்து மாரிக்குப்பத்தில் முடிகிறது. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்க வேலையை ஏற்ற பின்னர், வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து தமிழ்த் தொழிலாளர் பலர் வந்து குடியேறினர். ஆங்கில உத்தியோகஸ்தரும் ஆங்கிலோ-இந்தியரும் வந்து சேர்ந்தனர். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. அங்கு எடுத்த தங்கத்தைப் பற்றிப் பேசுவோர் பலர். அங்கு எரிந்த அடுப்பைப் பற்றிப் பேசுவோர் சிலரே. இக்கட்டுரை அடுப்பைப் பற்றியது.

கோலார்ச் சீமையின் தானியம் கேழ்வரகு. தமிழர் கொணர்ந்த பழக்கம் சோறும் களியும். கோதுமையோ பிற்பாடு வந்த விருந்தாளி. ரொட்டியும் பிஸ்கத்தும் கிறிஸ்துமஸ் கேக்கும் பங்களாக்களிலிருந்து தொழிலாளர் குடியிருப்புகளுக்குப் பரவின. 1956-இல் அமெரிக்காவுடன் செய்துகொண்ட தானிய உடன்பாட்டினால் கோதுமை கப்பல் கப்பலாக நம் நாட்டுக்கு வந்தது. 1965-இல் இந்திய அரசே மாடர்ன் பேக்கரிஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, ரொட்டியை நகரத்தார் கைக்கெட்டும் பண்டமாக்கிற்று. இன்று பங்காருபேட்டையின் பெயரைச் சொன்னால், தெளிந்த நிறமற்ற நீர் ஊற்றித் தரும் பானி பூரியே பலர் நினைவுக்கு வருகிறது. அந்தப் பூரியும் கோதுமையின் ரவையே. இவ்வாறு சில தலைமுறைகளுக்குள் விருந்தாளி வீட்டுக்காரனாகி விட்டான். அவனோடு ஒத்துப்போக இயலாத உடம்பு ஒன்று அவ்வீட்டில் பிறந்தால் என்ன செய்வது?

இக்கேள்வி பழமையானது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டளவில் கப்பதோக்கியா நாட்டு வைத்தியர் அரெத்தேயுஸ், உண்டது உடலில் ஒட்டாமல் கழிந்துபோகும் நோயொன்றை வருணித்தார். 1888-இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் கீ, குழந்தைகளிடம் காணும் இந்நோய்க்குப் பரிகாரம் உண்டென்றால் அது உணவிலேதான் இருக்கவேண்டும் என்று எழுதினார். எந்த உணவில் என்பது அவருக்குத் தெரியவில்லை. 1924-இல் அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் என்பவர் வாழைப்பழத்தை முதன்மையாகக் கொண்ட உணவு கொடுத்துக் குழந்தைகளைத் தேற்றினார். வாழைப்பழமே மருந்தென அவர் நம்பினார். உண்மையில் ரொட்டியை விலக்கியதே குழந்தைகளைக் காத்தது.

அந்த முடிச்சை அவிழ்த்தவர் ஹாலந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. ரொட்டியை நிறுத்தினால் தன் குழந்தையின் நோய்க்குறி தணிகிறது என்று ஒரு தாய் கூறிய சொல்லே அவருக்கு முதற்பொறி என்பர். 1944-45 குளிர்காலத்தில் அந்நாடு பஞ்சத்தில் ஆழ்ந்தது. ரொட்டி அரிதாயிற்று, மக்கள் பூச்செடியின் கிழங்கைக்கூடத் தின்றனர். அக்காலத்து அனுபவமும் டிக்கேயின் ஐயத்தை உறுதிப்படுத்திற்று. 1950-இல் அவர் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். 1952-இல் பர்மிங்ஹாம் மருத்துவக் குழுவினர் கோதுமையைக் கூறுபடுத்திச் சோதித்து, அதன் மாச்சத்து குற்றமற்றது, குளூட்டன் என்னும் பசைப்புரதமே தீங்கிழைப்பது என்று காட்டினர்.

இந்நோய்க்குச் சீலியாக் என்பது பெயர். பிறவியிலேயே அதற்கு இடங்கொடுக்கும் உடலில் குளூட்டன் சேரும்போது, உடலின் காப்புப்படை தன் சிறுகுடலையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் நுண்விரல்கள் தேய்ந்து தட்டையாகின்றன. வயிற்றுப்போக்கு, சோகை, வளர்ச்சிக் குறைவு ஆகியவை அதன் விளைவு. கோதுமையில் மட்டுமின்றி வாற்கோதுமையிலும் ரை தானியத்திலும் இத்தகைய புரதம் உண்டு. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம் ஆகியவற்றில் இல்லை.

வட இந்தியக் குழந்தைகளிடம் இந்நோய் கண்ட செய்தி 1966-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியாயிற்று. 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு நாட்டின் மூன்று பகுதிகளை ஒப்பிட்டது. இந்நோய்க்குரிய எதிர்ப்பொருள் வடக்கே நூற்றுக்கு 1.23 பேரிடமும், தெற்கே 0.10 பேரிடமும் இருந்தது. பிறவிக்கூறு இரு பகுதியினருக்கும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் வடக்கே ஒருவர் நாளொன்றுக்கு உண்ட கோதுமை சராசரி 455 கிராம். தெற்கே 25 கிராம். இவ்வேற்றுமைக்கு உணவும் ஒரு காரணமாகலாம் என்பது ஆராய்ந்தோர் கருத்து. தென்னாட்டில் நோய் அரிதாயிருப்பது நற்செய்தியே. எனினும் அரிதானதை எவரும் எளிதில் நினைப்பதில்லை. மருந்துக்கு மசியாத சோகையோடு மெலிந்துகொண்டே வரும் குழந்தையைக் கண்டு, கோதுமையை ஐயுறத் தோன்றுவதில்லை.

ஐயம் தோன்றினாலும் ஓர் எச்சரிக்கை தேவை. சோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடலாகாது. நிறுத்தினால் இரத்தத்தின் எதிர்ப்பொருள் குறைந்து, குடலும் தேறத் தொடங்கி, உண்மை மறைந்துபோகும். மருத்துவர் முடிவுகூறிய பின்னரே விலக்குதல் முறை. பின்பு அவ்விலக்கு ஆயுள் முழுவதும் வேண்டும். ஒரு பிடி மைதாவுக்கும் விதிவிலக்கில்லை. நோயற்றோர் நாகரிகமென்று கருதிக் கோதுமையைத் துறப்பதற்கும் அவசியமில்லை.

சப்பாத்தியை விலக்குவது எளிது. கண்ணுக்குத் தெரியாத கோதுமையே இடர் விளைவிப்பது. கடைகளில் கிட்டும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பதுண்டு. குழந்தைக்கு வலிமை தருமென்று கொடுக்கும் மால்ட் பானத்தில் வாற்கோதுமை உண்டு. கோதுமை அரைத்த மெஷினிலேயே கேழ்வரகை அரைத்தால், நல்ல மாவும் கெட்ட மாவாகிவிடும். ஆகவே வீட்டிலேயே அரைத்துக்கொள்வது நன்று. குளூட்டன் இல்லையெனக் குறித்து விற்கும் பண்டத்தில் அது கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென்பது நம் நாட்டு விதி.

அடுத்தது பலகாரம். கோதுமை மாவைப் பிசைந்தால் குளூட்டன் வலைபோல் நீண்டு காற்றைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் ரொட்டி உப்புகிறது. அந்த வலையில்லாத அரிசி மாவு அடுப்பில் விரிந்து உதிர்கிறது. முட்டையை நன்கு அடித்துச் சேர்ப்பதும், மரவள்ளி மாவோ இசப்கோலோ கலப்பதும் அக்குறையை ஈடுசெய்யும். நம் பாட்டிமார் இதை வேறு வழியில் அறிந்திருந்தனர். இட்லி மாவில் காற்றைத் தாங்கி நிற்பது உளுந்தின் வழவழப்பன்றோ?

தங்கவயல் வீடுகளில் கிறிஸ்துமஸ் காலத்தில் குல்குலும் ரோஸ் குக்கியும் செய்வர். குல்குலுக்கு மைதா வேண்டும். அச்சு முறுக்கென்று நாம் சொல்லும் ரோஸ் குக்கியோ அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்துச் செய்வது. அதில் மைதா கலப்போர் அதை நிறுத்தினால் போதும். எண்ணெயும் புதியதாக இருத்தல் வேண்டும். வீட்டில் கலந்த கேக்கை ரொட்டிக்கடை அடுப்புக்கு அனுப்பும் வழக்கமுள்ளோர், மாவு பறக்கும் அவ்விடத்தைத் தவிர்த்து வீட்டிலேயே சுடுவது உசிதம்.

இவை யாவும் கைவேலை. கடினமானது மனவேலை. "ஒரு துண்டு தின்றால் என்னடா கண்ணு?" என்று அன்போடு நீட்டும் பாட்டியின் கையைத் தடுக்க வேண்டியிருக்கிறது. மாலையில் தோழர் பூரிக்கடை முன் நிற்க, ஒரு சிறுவன் விலகி நடக்க வேண்டியிருக்கிறது. நற்கருணை அப்பத்தில் கோதுமை அறவே இல்லாதிருத்தல் ஆகாது என்று 2017-இல் ரோமாபுரி மீண்டும் அறிவுறுத்திற்று. குளூட்டன் குறைந்த அப்பத்துக்கு இடமளித்தது. மருத்துவரையும் குருவையும் கலந்து தீர்க்கவேண்டிய விஷயம் அது.

இத்தகைய குழந்தைக்குத் தனித்தட்டு வைத்துத் தனியே அமர்த்தும் வீடுகள் உண்டு. அது வேண்டுவதில்லை. இரவில் அனைவருக்கும் களியோ இட்லியோ இடியப்பமோ ஆகட்டும். பிறந்தநாளில் எல்லோரும் அரிசி மாவுக் கேக்கையே உண்ணட்டும். ஒருவனுக்கு ஒவ்வாததை இல்லத்தார் அனைவரும் ஒரு வேளை விட்டுக்கொடுத்தால், அவன் நோயாளியாக அன்றி அவ்வீட்டுப் பிள்ளையாகவே பந்தியில் அமர்வான்.