ஊர்வலத்துக்குத் தேவை அறிவித்தலே, அனுமதியல்ல

அரசியல் ஊர்வலமொன்றை இடைமறிக்கும் பொலிஸார் முதலில் கேட்பது "அனுமதி பெற்றீர்களா?" என்பதையே. ஆனால், 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77ஆவது பிரிவு கோருவது அனுமதியை அல்ல. ஊர்வலம் ஆரம்பமாகும் இடத்துக்கு அண்மையிலுள்ள பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்குக் குறைந்தது 6 மணித்தியாலங்களுக்கு முன்னர் அறிவித்தல் கொடுக்கப்பட வேண்டும் என்றே அது கூறுகின்றது.

எனினும், பொது ஒழுங்கைக் காரணங்காட்டி ஊர்வலத்தைத் தடைசெய்யவோ நிபந்தனை விதிக்கவோ உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரிக்கு அதே பிரிவு அதிகாரமளிக்கின்றது. அரசியலமைப்பின் 14(1)(ஆ) உறுப்புரை உறுதிப்படுத்தும் அமைதியாக ஒன்றுகூடும் சுதந்திரம் நடைமுறையில் நழுவிப்போவது இந்த வாசல் வழியாகத்தான். நீதவான் நீதிமன்றத் தடையுத்தரவு மற்றொரு வழி. தமிழ் மக்களின் கோரிக்கைகளுடன் முஸ்லிம்களின் ஜனாஸா எரிப்பையும் எதிர்த்து, 2021 பெப்ரவரி 3 முதல் 7 வரை நடைபெற்ற பொத்துவில் - பொலிகண்டி பேரணிக்கு எதிராகப் பல இடங்களில் பொலிஸார் அத்தகைய உத்தரவுகளைப் பெற்றிருந்தனர். பேரணி நிற்கவில்லை, பின்னர் பங்குபற்றிய அரசியல்வாதிகளிடம் வாக்குமூலங்கள் பெறப்பட்டன.

பாராளுமன்றத் தேர்தல் காலத்திலோ சட்டம் வேறு. 1981ஆம் ஆண்டின் தேர்தல் சட்டம் ஊர்வலங்களையே தடைசெய்கின்றது. மே தின, சமய, சமூக ஊர்வலங்களுக்கு மாத்திரமே விலக்குண்டு.

ஏனைய காலங்களில், ஏற்பாட்டாளர்கள் அறிவித்தலை எழுத்தில் கையளித்து, அதன் பிரதியில் திகதியும் நேரமும் குறித்துப் பொலிஸ் நிலைய முத்திரையைப் பெற்றுக்கொள்வது அவசியம். தடை விதிக்கப்பட்டால், விதித்த அதிகாரியின் பதவியையும் சட்டப் பிரிவையும் கேட்டறிய வேண்டும்.