வாசலுக்கு வெளியே ஒரு கோப்பை

1963இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் நேட்டால் ஓபன் என்னும் கோல்ஃப் போட்டி நடந்தது. இடம், டர்பன் கன்ட்ரி கிளப். வெள்ளைக்காரர்கள் 1922இல் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட மன்றம். அந்த ஆண்டு கோப்பையை வென்றவர் வெள்ளைக்காரர் இல்லை. பரிசு கொடுக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. தோற்ற வெள்ளையர்கள் மன்றக் கட்டடத்துக்குள் போய்விட்டார்கள். ஜெயித்தவருக்கு உள்ளே இடமில்லை. மழையில் நின்றபடியே அவர் கோப்பையை வாங்கிக்கொண்டார். அந்தப் படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. விளையாட்டில் தென்னாப்பிரிக்காவை ஒதுக்கிவைக்க வேண்டும் என்று பேசியவர்களுக்கு அதைவிடப் பெரிய சாட்சி தேவைப்படவில்லை.

அவர் பெயர் செவ்சங்கர் செவ்கோலம். சிவசங்கர் என்பதுதான் எந்த வெள்ளைக் குமாஸ்தாவின் கையிலோ இப்படி ஆகியிருக்க வேண்டும். ஜனங்கள் கூப்பிட்டது பாப்வா என்று. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் வழியில் வந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. சிறுவயதிலேயே கேடி வேலைக்குப் போனார். நம்மூரில் கேடி என்றால் போலீஸ்காரன் பட்டியலில் இருக்கிறவன். இது வேறு. கோல்ஃப் ஆடுகிற துரை கைவீசி நடப்பார். அவருடைய மட்டைகள் அடங்கிய பையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே நடப்பவன்தான் கேடி. பந்து எங்கே விழுந்தது என்று தேடுவான், காற்று எந்தப்பக்கம் அடிக்கிறது, தரை எங்கே சரிகிறது, இந்தத் தூரத்துக்கு எந்த மட்டை என்று சொல்லிக்கொடுப்பான். பண்ணையாருக்கு நிலம்; அந்த நிலத்தின் குணம் தெரிந்தவன் பண்ணையாள். அதே ஏற்பாடுதான்.

பாப்வா மட்டை பிடித்த விதமே தலைகீழ். வலதுகைக்காரர்கள் வலக்கையைக் கீழேயும் இடக்கையை மேலேயும் வைத்துப் பிடிப்பார்கள். இவர் இடக்கையைக் கீழே வைத்தார். சொல்லிக்கொடுக்க ஆசிரியர் இல்லை, கையில் காசில்லை. பார்த்துப் பார்த்துத் தானாகப் பழகிய கை. அப்படிப் பிடித்தால் பந்து போகாது என்பதுதான் ஆட்டத்தின் சாஸ்திரம். போயிற்று. பிறகு தென்னாப்பிரிக்காவில் அந்தப் பிடிக்கே அவர் பெயர் வைத்தார்கள்.

முகத்துக்குப் பூசும் களிம்பு செய்து விற்ற கிரஹாம் வுல்ஃப் என்ற வெள்ளை முதலாளி தன் தொழிற்சாலையில் அவருக்கு வேலை கொடுத்தார். 1959இல் தன் சொந்தச் சிறு விமானத்தில் ஐரோப்பாவுக்குக் கூட்டிப்போனார். அந்த ஆண்டே டச்சு ஓபனில் பாப்வா வென்றார். 1960இல் மறுபடி, 1964இல் மறுபடி. நல்ல வெள்ளைக்காரர் ஒருவர் கைதூக்கிவிட்ட கதையாகவே இதைச் சொல்லிக்கொண்டிருப்பது பத்திரிகைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். விமானத்தில் ஏற்றியது வுல்ஃப்தான், சரி. பந்தை அடித்தது யார்?

ஐரோப்பாவில் ஜெயித்தவன் சொந்த ஊரில் ஆடுவதற்கு அரசாங்கத்திடம் அனுமதிச்சீட்டு வாங்க வேண்டியிருந்தது. 1950இல் வந்த குழுப்பகுதிச் சட்டம் எந்த இனம் எங்கே குடியிருக்கலாம், எங்கே கால் வைக்கலாம் என்று நகரங்களைக் கோடுபோட்டுப் பிரித்திருந்தது. சீட்டு வாங்கினால் புல்தரையில் ஆடலாம். கட்டடத்துக்குள் போகக்கூடாது. சாப்பாடு, உடைமாற்றல் எல்லாம் வெளியே, வண்டியில்.

இதை வாசிக்கும்போது நமக்குப் புதுசாக ஏதாவது இருக்கிறதா? திருவிழாவுக்குப் பறை அடிக்க ஆள் வேண்டும், அடித்தவன் கோயிலுக்குள் வரக்கூடாது. களத்துமேட்டில் நெல் தூற்றியவன் வீட்டுக்குள் வரக்கூடாது. தேநீர்க்கடையில் காசு வாங்கிக்கொள்வார்கள், குவளையை மட்டும் தனியாக வைப்பார்கள். தீட்டு எப்போதும் உழைப்பில் ஒட்டாது. உட்காருகிற இடத்தில்தான் ஒட்டும். டர்பன் மன்றத்துப் புல்லைச் செதுக்கித் தண்ணீர் பாய்ச்சியதும், உள்ளே தட்டில் பானம் ஏந்திப் பரிமாறியதும் கறுப்புக் கைகளும் இந்தியக் கைகளும்தான். பரிமாறுகிறவனாக உள்ளே போகலாம், ஜெயித்தவனாகப் போகக்கூடாது.

1965இல் பாப்வா மறுபடியும் நேட்டால் ஓபனை வென்றார். இந்த முறை தோற்றவர்களில் ஒருவர் கேரி பிளேயர். அதே ஆண்டு பின்னால் அமெரிக்க ஓபனை வெல்லப்போகிறவர். மறு ஆண்டில் தன் புத்தகத்தில் நிறஒதுக்கலுக்கு ஆதரவாக எழுதி, வெகுகாலம் கழித்து மாற்றிப் பேசியவர். அவரையே ஒரு கேடிப்பையன் தோற்கடித்தால் அரசாங்கம் சும்மா இருக்குமா? உள்நாட்டுப் போட்டிகளில் ஆட பாப்வாவுக்குத் தடை வந்தது. கடவுச்சீட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள், வெளிநாட்டுக் கதவும் மூடிற்று. 1978இல் வறுமையில், ஐம்பது வயதுகூட நிரம்பாமல், மாரடைப்பில் செத்துப்போனார். இன்று டர்பனில் உம்கேனி ஆற்றோரம் நகராட்சித் திடல் ஒன்றுக்கு அவர் பெயர்.

பாப்வா தலித் என்று உரிமை கொண்டாட இதை எழுதவில்லை. நேட்டால் இந்தியர் வரலாற்றுக்குள் நாம் எங்கே நிற்கிறோம் என்பதுதான் கேள்வி. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பல்தான் முதல் கூலிகளை டர்பனில் இறக்கியது. 1911 வரை ஒன்றரை லட்சம் பேர் போனார்கள். பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாக. கப்பல் பதிவேட்டில் சாதிக்கென்று ஒரு கட்டம் உண்டு. அதில் ‘பறையா’ என்று ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பெயர்கள் ஏராளம். கரும்பை வெட்டியவர்கள் அவர்கள். வரலாற்றில் பெயர் நின்றது காந்திக்கு.

அந்தக் காந்தி செய்த காரியம் ஒன்று உண்டு. டர்பன் தபால் நிலையத்துக்கு இரண்டு வாசல்கள் இருந்தன. ஒன்று வெள்ளையருக்கு, மற்றது ஆப்பிரிக்கருக்கும் ஆசியருக்கும். 1894இல் அவர் முன்னின்று தொடங்கிய நேட்டால் இந்தியக் காங்கிரஸ் இதை எதிர்த்தது. எதற்காக? வாசல் ஒன்றாக வேண்டும் என்றா? இல்லை. ஆப்பிரிக்கரோடு ஒரே வாசலில் நுழைவது இந்தியருக்கு இழிவு என்று. 1895இல் மூன்றாவது வாசல் கிடைத்தது. அதை வெற்றியாகவே காந்தி பதிவு செய்திருக்கிறார். சாதிக்காரன் கடல் தாண்டினாலும் அவன் கேட்பது கதவைத் திறக்கச் சொல்லி அல்ல, தனக்கு மட்டும் இன்னொரு கதவு. 1963இல் அதே ஊரில் பாப்வா மழையில் நின்றபோது எந்த வாசலும் உதவவில்லை.

நம்மூர் சங்கதியும் ஒன்று. 2014இல் சென்னையில் ஒரு கிரிக்கெட் மன்றத்தில், வேட்டி கட்டி வந்தார் என்பதற்காக உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரை உள்ளே விடவில்லை. தமிழ்நாடே கொதித்தது. சில வாரங்களில் சட்டமன்றம் தனிச் சட்டமே கொண்டுவந்தது. நல்லதுதான். வேட்டிக்கு வந்த கோபத்தில் பாதி அந்த இரண்டாவது குவளைக்கு வந்திருந்தால் எத்தனை வருடத்துக்கு முன்பே அது உடைந்திருக்கும்!

பாப்வாவைப் பற்றி கிறிஸ்டோபர் நிக்கல்சன் எழுதிய வாழ்க்கை வரலாறு 2005இல் வந்தது. அனுதாபத்தோடு எழுதப்பட்டது. தலைப்பு, ‘பாப்வா செவ்கோலம்: ஃப்ரம் பறையா டு லெஜண்ட்’. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குச் சமூகம் ஒதுக்கிவைத்தவன் என்று பொருள். தெருநாய்க்கும் அதே சொல். நிறவெறித் தென்னாப்பிரிக்காவை உலகம் புறக்கணித்தபோது அந்த நாட்டையும் ‘பறையா தேசம்’ என்றுதான் பத்திரிகைகள் வைதன. மழையில் நிறுத்தப்பட்டவனும் பறையா, நிறுத்திய அரசும் பறையா. ஒரு சமூகத்தின் பெயர் இப்படி வசவாக ஊர்சுற்றிக்கொண்டிருப்பது அந்த அனுதாபிகள் யாருக்கும் உறுத்தவில்லை. அந்தத் தலைப்பில் பறையா என்பது கிளம்புகிற இடம், போய்ச் சேர வேண்டியது வேறெங்கோ.

இந்தப் புத்தகத்தைத் தமிழில் கொண்டுவரலாம், கொண்டுவர வேண்டும். மொழிபெயர்க்க உட்காருகிற தோழர் அட்டையில் என்ன எழுதுவார்?