மன்னார் முத்துக்குளிப்பு: சட்டமும் வழமையும்

மன்னார்த் தீவுக்குத் தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய ஊர்களுக்கு எதிரே கடலடியில் ‘பார்’கள், அதாவது முத்துச்சிப்பிகள் பற்றி வளரும் பாறைத் திட்டுகள், பரந்து கிடக்கின்றன. அவற்றில் யார், எப்போது, எவ்வளவு சிப்பி எடுக்கலாம் என்பதை அரச கட்டளைகளும் குளிப்போரின் நம்பிக்கைகளும் சேர்ந்தே வரையறுத்து வந்தன. காவலரின் கண் எட்டாத ஆழத்தில், விரலிடுக்கில் ஒளித்துவிடக்கூடிய பொருளைத் தேடும் இத்தொழிலில், தண்டனை அச்சம் மட்டும் மனிதரை ஒழுங்கில் நிறுத்தியதில்லை என்பதே இவ்வரலாற்றில் முதன்மையாகக் கவனிக்கத்தக்கது.

கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்திரையக் கடற்பயண விவரம்’ என்னும் கிரேக்க நூல், பாண்டியரின் கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்தெடுத்ததாகக் கூறுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ காட்டுவதோ வேறொரு அமைப்பு. இலங்கைக்கும் பெருநிலத்துக்கும் இடையிலான கடலில் எடுத்த முத்துகளில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், இருபதில் ஒரு பங்கு சுறாக்களை மந்திரத்தால் கட்டுவோருக்கும் வழங்கப்பட்டன; அக்கட்டு பகலில் மட்டுமே நின்றது, இரவில் அவிழ்க்கப்பட்டது. இரவில் காவலின்றிக் கிடந்த பாரில் களவாகக் குளிக்க நினைப்பவனைத் தடுக்க இதைவிட வலிய வேலி இருந்திருக்க முடியாது. ‘கடல்கட்டி’ எனப்பட்ட இம்மந்திரகாரரின் பணி குடும்பவழி உரிமையாக நீடித்தது. அவர் இல்லாமல் குளிப்போர் நீரில் இறங்க மறுத்ததால் பிரித்தானிய அரசும் அவருக்கு ஊதியம் கொடுத்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அப்பணியில் இருந்தவர் கத்தோலிக்கர் என்றும், அதனால் அவர்மீதான நம்பிக்கை குறையவில்லை என்றும் குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் பதிவு செய்துள்ளார்.

1560இல் மன்னாரைக் கைப்பற்றிய போர்த்துக்கேயருக்கும் 1658இல் அவர்களை அகற்றிய ஒல்லாந்தருக்கும் முத்துக்குளிப்பு பெருவருவாய்த் துறையாயிற்று. ஒல்லாந்தர் காலத்தில் உரிமை ‘கல்’ என்னும் அலகால் அளக்கப்பட்டது. குளிப்பவர் விரைவாக ஆழம் சேரக் காலில் மாட்டிய கல்லே வரிக்கும் சலுகைக்கும் அளவாக, மதுரை நாயக்கர், சேதுபதி, பரதவர் தலைவர்களான பட்டங்கட்டிகள் ஆகியோர் வரியில்லாக் கற்கள் பெற்றனர். இப்பங்கீடு ஆட்சியாளர் பலரின் நலனையும் ஒரே பாரில் பிணைத்துவைத்தது.

பிரித்தானியர் வந்ததும் அக்கட்டுப்பாடு தளர்ந்தது. 1796 முதல் 1798 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பார்கள் குளிக்கப்பட்டு, 1799இல் வருவாய் பெரிதும் வீழ்ந்தது. சிப்பி முதிரும்வரை காத்திருக்கும் பொறுமையை அரசே இழந்திருந்த நிலையில், குடிமக்களிடம் மட்டும் அதை எதிர்பார்ப்பது நியாயமன்று. பின்னர் வந்த 1811ஆம் ஆண்டின் 3ஆம் ஒழுங்குவிதி, பார்களின் அருகே காரணமின்றி நடமாடும் படகுகளைப் பறிமுதல் செய்ய இடமளித்தது. கரையை அடுத்த கடலின் வளம் ஒரு நாட்டின் உடைமையாகலாம் என்பதற்கு இலங்கையின் முத்துப்பார்களை 1758இலேயே எடுத்துக்காட்டியவர் சுவிட்சர்லாந்துச் சட்ட அறிஞர் எமெர் டி வத்தெல்.

எனினும் களவைக் குறைத்ததில் பறிமுதலைவிடப் பங்கீட்டுக்கே சிறப்பிடம் தரவேண்டும். கரைசேர்ந்த சிப்பிகளைக் குளிப்போரே மூன்று சமகுவியல்களாகப் பிரித்தனர். அவற்றுள் அவர்களுக்குரிய ஒன்று எது என்பதை அதிகாரி சுட்டினார். மற்ற இரண்டும் அரசுக்குரியனவாகி ஏலத்தில் விற்கப்பட்டன. எந்தக் குவியல் தமக்கு வரும் என்று முன்னரே தெரியாததால் பிரிப்பவர் நேர்மையாகப் பிரித்தனர். மிகுதியாக எடுத்தால் தம் பங்கும் மிகும் என்பதால் கடலில் ஒளிக்கும் ஆவலும் தணிந்தது. 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்ட 1905ஆம் ஆண்டுக் குளிப்பும் இம்முறையிலேயே நடந்தது. மறு ஆண்டில் பார்கள் ஆண்டுக்கு 3,10,000 ரூபாய்க் குத்தகைக்கு 20 ஆண்டுகளுக்கு ஒரு தனியார் நிறுவனத்திடம் விடப்பட்டன. சிப்பிகள் அருகியதால் அந்நிறுவனம் 1912இல் கலைந்தது. முத்துக்குளிப்புக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்ட 1925ஆம் ஆண்டிலேயே கடைசிப் பெருங்குளிப்பும் நடந்து முடிந்தது.

மன்னார் வளைகுடாவில் இந்திய, இலங்கை எல்லை 1976 மார்ச்சில் ஒப்பந்தத்தால் வரையப்பட்டது. இன்று அக்கடலின் வழக்கு முத்தைப் பற்றியதன்று. கடலடியை வாரிச் செல்லும் இழுவைமடியைப் பற்றியது. இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது; 2018இல் அயல்நாட்டுப் படகுகளுக்கான தண்டப்பணத்தையும் உயர்த்தியது. பேசாலை போன்ற ஊர்களில் உள்ளூர் இழுவைப்படகு உரிமையாளரின் பிழைப்பையும் இத்தடை தொட்டது. படகுகளைப் பிடிப்பதும் உடைமையாக்குவதும் 1811இன் வழியையே தொடர்கின்றன. இரு கரையினரும் தமதென்று ஏற்கும் ஒரு பங்கீடு மட்டும் இன்னும் வகுக்கப்படவில்லை.