அறையா, கலமா?

செல்லரித்த ஏடு என்றால் நமக்குப் புரியும். அங்கே செல் என்பது கரையான். ‘செல்லில் கூப்பிடு’ என்றாலும் புரியும். உயிரியல் பாடத்தில் வரும் செல்தான் இன்னும் ஒட்டாமல் நிற்கிறது.

அந்தச் சொல் பிறந்தது 1665இல், லண்டனில். ராபர்ட் ஹூக் தக்கையைக் கத்தியால் மெல்லிசாகச் சீவி உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தார். தேனடை மாதிரி சின்னச் சின்ன அறைகள். மனிதர் கணக்கும் போட்டார்: ஒரு சதுர அங்குலத்தில் 11,66,400. லத்தீனில் ‘செல்லா’ என்றால் சிற்றறை. மடத்துத் துறவியின் அறைக்கும் தேனடையின் கண்ணுக்கும் ஆங்கிலத்தில் வழங்கிய பெயரையே இதற்கும் வைத்தார். ஆனால் தக்கை செத்த பட்டை. அவர் பெயர் வைத்தது, குடியிருந்தவர் காலிசெய்துவிட்டுப் போன வீட்டுக்கு.

1839இல் தியோடர் ஷ்வான் அந்தப் பெயரை விலங்குகளுக்கும் கொண்டுபோனார். விலங்கின் செல்லுக்கோ தக்கையில் கண்டது போன்ற சுவரே கிடையாது! சுவர் தேவையில்லை, உட்கருவோடு கூடிய உயிர்ச்சாறுதான் செல் என்று 1861இல் மாக்ஸ் ஷுல்ட்சே சொல்லிவிட்டார். பொருள் மாறியது, பெயர் அறையாகவே இருக்கிறது.

தமிழில் ‘கண்ணறை’ என்று எழுதிப் பார்த்தார்கள், அதுவும் அறைதான். ‘உயிரணு’ கேட்க அழகு. ஆனால் ஓர் உயிரணுவுக்குள் கோடானுகோடி அணுக்கள் இருக்கின்றன என்று மாணவனுக்கு விளக்குவதற்குள் மணி அடித்துவிடும். போதாக்குறைக்கு, குழந்தைப்பேறு மருத்துவ விளம்பரங்கள் அந்தச் சொல்லை விந்தணுவுக்கு எடுத்துக்கொண்டன.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ‘கலம்’ என்கின்றன. கலச்சுவர், கலப்பிரிவு, கலமென்சவ்வு. உண்கலம், மட்கலம், மரக்கலம் என்று நாம் புழங்கும் அதே கலம். எதையாவது தாங்குவது, ஏந்துவது.

உயிர் தோன்றிய கதைக்குப் போனால் இந்தப் பெயரின் பொருத்தம் தெரியும். செல்லிலிருந்தே செல் வரும் என்றார் ருடால்ஃப் விர்ஹோ, 1855இல். அப்படியானால் முதல் செல்? ஆர்.என்.ஏ.வும் புரதமும் எப்படியோ உருவாகிவிட்டன என்றே வைத்துக்கொள்வோம். திறந்த நீரில் அவை சிதறிப்போகும். சேர்த்துப் பிடித்துவைக்க ஒரு பாத்திரம் வேண்டும். அதற்கு ஆகிவருவது கொழுப்பு அமிலம். அதன் மூலக்கூறுக்கு ஒரு முனை நீரை நாடும், மறுமுனை விலகும். ஏற்ற நீரில் போதிய அளவு சேர்ந்தால் அவை இரண்டடுக்காக நின்று, வளைந்து, குமிழியாகத் தாமே மூடிக்கொள்ளும். குயவர் இல்லாமல் வனையும் கலம்.

1969இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரில் விண்கல் ஒன்று விழுந்தது. அதிலிருந்து பிரித்தெடுத்த பொருள்கள் நீரில் இப்படிக் குமிழிகள் ஆவதை 1985இல் டேவிட் டீமர் காட்டினார். பாத்திரம் முந்தியதா, பண்டம் முந்தியதா என்ற வழக்கு ஓயவில்லை. எது முந்தினாலும், பாத்திரம் இல்லாமல் செல் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. டார்ச் விளக்கில் போடும் செல்லுக்குத் தமிழ்நாட்டு இயற்பியல் நூல்களில் ‘மின்கலம்’ என்றே பெயர். பக்கத்து வகுப்பில் உள்ள சொல்தான். உயிரியல் பாடம் எழுதுகிறவர்கள், செல்லுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள்ளாவது கலம் என்று போட்டுவைக்கலாம்.