இராசபாளையம் வட்டாரத் தெலுங்கு பேசும் வேளாண் ஊர்கள்

இராசபாளையம் வட்டாரத் தெலுங்கு பேசும் வேளாண் ஊர்கள் என்பவை, தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டத்தில் இராசபாளையம், திருவில்லிபுத்தூர் ஆகிய நகரங்களைச் சூழ அமைந்துள்ள, வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசும் உழவர் வாழும் ஊர்களாகும். இம்மக்களுள் பெரும்பாலோர் தெலுங்கு எழுத்தை அறியாதவர். இங்கு தெலுங்கு ஏட்டின் துணையின்றி வாய்வழியாகவே பல தலைமுறைகளைக் கடந்து வந்துள்ளது. 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் தமிழுக்கு அடுத்தபடியாக மிகுதியானோரின் தாய்மொழி தெலுங்கு ஆகும்.

வரலாறு

விசயநகரப் பேரரசின் காலத்திலும், அதன் பின்னர் மதுரை நாயக்கர் ஆட்சியிலும் தெலுங்கு பேசும் படைவீரர், உழவர், கைவினைஞர் எனப் பல பிரிவினர் தென்பாண்டி நாட்டில் குடியேறினர். இராசபாளையம் என்னும் பெயர் அங்கு குடியேறிய ராஜுக்களால் ஏற்பட்டது. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பூ. ச. குமாரசுவாமி ராஜா இவ்வூரைச் சேர்ந்தவர். சுற்றுப்புறச் சிற்றூர்களில் கம்மவார், இராசகம்பளத்தார், ரெட்டியார், அருந்ததியர் முதலானோரும் வாழ்கின்றனர்.

திருவில்லிபுத்தூருக்கும் தெலுங்குக்கும் உள்ள தொடர்பு இலக்கியத்திலும் காணப்படுகிறது. விசயநகர அரசர் கிருட்டிணதேவராயர் 16 ஆம் நூற்றாண்டில் தெலுங்கில் இயற்றிய ஆமுக்தமால்யதா, பெரியாழ்வார், ஆண்டாள் ஆகியோரின் வரலாற்றைக் கூறும் காப்பியமாகும்.

நிலமும் பயிரும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் கண்மாய்களும் கிணறுகளும் உள்ளதால் நெல், கரும்பு, தென்னை, மா ஆகியவை பயிராகின்றன. கிழக்கே செல்லச் செல்ல நிலம் கரிசலாக மாறுகிறது. கரிசல் மண் கோடையில் ஆழமாக வெடிக்கும். மழை பெய்தபின் ஈரத்தை நெடுநாள் காத்து வைத்திருக்கும். இதனால் வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் விதைத்துப் பருத்தி, சோளம், கம்பு முதலியவற்றை மானாவாரியாக விளைவிப்பர். பருத்தி எடுத்தபின் எஞ்சும் காய்ந்த செடியாகிய பருத்திமார், அடுப்பு எரிக்கப் பயன்பட்டது. திருவில்லிபுத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது.

கமலை இறைப்பு

மின் இறைப்பிகள் பரவுவதற்கு முன் கிணற்று நீர் கமலையால் இறைக்கப்பட்டது. இரண்டு மாடுகள் சரிவில் இறங்கும்போது வடத்தில் கட்டிய கூனை மேலெழும். கூனையின் அடியில் பொருத்திய தோல்வால் வழியாக நீர் தொட்டியில் கொட்டும். மாடுகள் பின்னோக்கி ஏறும்போது கூனை மீண்டும் கிணற்றுக்குள் இறங்கும். தோல்வாலைத் தைப்பதும் பழுது பார்ப்பதும் அருந்ததியரின் தொழிலாக இருந்தது. நிலம் உடையவரும் தோல் தைப்பவரும் ஒரே மொழியைப் பேசியபோதும், நில உரிமையும் ஊரில் குடியிருக்கும் இடமும் சாதியால் பிரிக்கப்பட்டிருந்தன. கமலை மறைந்தபோது இத்தொழிலும் மறைந்தது. தோல் தைத்தோர்க்குக் கூலி வேலையே எஞ்சியது. 2009 இல் தமிழ்நாட்டில் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கப்பட்டது.

மொழி வழக்கு

பள்ளிப் படிப்பு, கடிதம், நிலப்பத்திரம், கடைக் கணக்கு ஆகிய அனைத்தும் தமிழிலேயே அமைந்தன. நைனா (தந்தை), அவ்வா (பாட்டி) போன்ற உறவுப்பெயர்களும், மாடு, விதை, சமையல் பற்றிய சொற்களும் தெலுங்கில் நிலைத்தன. நெடுங்காலம் தமிழோடு கலந்து வழங்கியதால் இப்பேச்சு ஆந்திரத்தின் எழுத்துத் தெலுங்கிலிருந்து வேறுபடுகிறது. இராசகம்பளத்தார் தேவதுந்துபி என்னும் இசைக்கருவி முழங்க ஆடும் தேவராட்டம் குறிப்பிடத்தக்க கலையாகும்.

மாற்றங்கள்

1936 இல் இராசபாளையம் மில்ஸ் தொடங்கப்பட்டது முதல் நூற்பாலைகள் பெருகின. அருகிலுள்ள சத்திரப்பட்டி மருத்துவக் கட்டுத்துணி நெசவுக்குப் பெயர் பெற்றது. மழை பொய்த்த ஆண்டுகளில் வயலை விட்டு ஆலைக்குச் செல்வோர் மிகுந்தனர். ஆலையிலும் நகரத்திலும் பொதுமொழி தமிழே. எழுத்தில் பதியப்படாத வழக்காதலால், கமலை, ஏர், வீட்டு விதை சேமிப்பு ஆகியவை கைவிடப்படும்போது அவற்றோடு தொடர்புடைய சொற்களும் வழக்கொழிகின்றன. பல குடும்பங்களில் பெரியோர் தெலுங்கில் பேச, இளையோர் தமிழில் விடை கூறுகின்றனர்.

இலக்கியப் பதிவு

இத்தகைய வாழ்வைத் தமிழில் விரிவாகப் பதிவு செய்தவர், கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் (இறப்பு: 2021) ஆவார். தெலுங்கு நாட்டிலிருந்து கரிசல் நிலத்திற்கு வந்து காடு திருத்திக் குடியேறியோரின் கதையை இவருடைய கோபல்ல கிராமம் (1976) கூறுகிறது. அதன் தொடர்ச்சியான கோபல்லபுரத்து மக்கள் புதினத்திற்கு 1991 இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. கரிசல் வட்டாரச் சொற்களை அகராதியாகத் தொகுத்தவரும் இவரே.

இவற்றையும் பார்க்க

கரிசல் இலக்கியம்
மானாவாரி வேளாண்மை
தேவராட்டம்