புலப்படமும் வெள்ளப்படமும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோயில் போகும் சாலையில், ஒரகடம் கூட்டுரோட்டுக்குச் சற்று முன்னால் இருக்கிறது வல்லக்கோட்டை. இந்த ஊரின் நிலத்தை இன்று இரண்டு வரைபடங்களில் பார்க்கலாம். ஒன்று அரசின் புலப்படம். மக்கள் வாயில் எஃப்.எம்.பி. மற்றொன்று ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004-இல் பிரிட்டனில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய இந்தப் பொது வரைபடத்தை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், யாரும் திருத்தலாம். 2015 டிசம்பரில் சென்னை தன் வெள்ளத்தைக் குறித்தது இதன் மேல்தான்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எது துல்லியம் என்ற கேள்விதான் முதலில் எழும். அதற்கு விடை எளிது: எல்லை அளவில் புலப்படத்தை மிஞ்ச ஆளில்லை. எனக்கு முக்கியமாகப் படும் கேள்வி வேறு. வரைபடத்தில் ஒரு பிழை இருக்கிறது. அதை அன்றாடம் பயன்படுத்துகிறவருக்குத் தெரிகிறது. தெரிந்தது வரைபடத்துக்குள் எப்படிப் போய்ச் சேர்கிறது?

ஜீன் லேவும் எட்டியன் வெங்கரும் 1991-இல் எழுதிய நூலில் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். ஒரே வேலையில் இருப்பவர்கள் சேர்ந்து செய்தும் பேசியும்தான் அந்த வேலையின் நுட்பத்தை வளர்க்கிறார்கள். புதிதாக வருகிறவர் ஓரத்தில் நின்று தொடங்கி மெல்ல நடுவுக்கு வருகிறார். இப்படிப்பட்ட கூட்டத்தை இங்கே பயில்குழு என்று சொல்லிக்கொள்வோம். ஜெராக்ஸ் இயந்திரம் பழுது பார்ப்பவர்களை ஆராய்ந்த ஜூலியன் ஓர், கையேட்டில் இல்லாத பழுதுகளை அவர்கள் ஒருவருக்கொருவர் கதையாகச் சொல்லியே தீர்த்துக்கொண்டதைப் பதிவு செய்தார். சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திர எழுத்தர்கள் பேசிக்கொள்வதைச் சற்று நேரம் கேட்டால் இதே வகைப் பேச்சுதான் காதில் விழும்.

புலப்படத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு சர்வே எண்ணுக்கு ஒரு தாள். கல்லுக்குக் கல் நேர்கோடு போட்டு, அதிலிருந்து செங்குத்தாக அளந்து எல்லையின் வளைவுகளைப் பிடித்திருப்பார்கள். நிலவரிக்காகப் பிறந்த படம் என்பதால் யாருடையது, எவ்வளவு என்ற இரண்டுக்கும் அழுத்தமாகப் பதில் சொல்லும். நிலத்தின் மேடு பள்ளத்தைச் சொல்லாது. வாய்க்கால் புறம்போக்காகத் தனியே எண் பெற்றிருந்தால் அதன் இடமும் பரப்பும் தெரியும். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதைப் பார்க்கிறவர்தான் அறிந்திருக்க வேண்டும்.

அப்படி அறிந்தவர்கள் ஊருக்குள் இருந்தார்கள். பரம்பரைக் கணக்குப்பிள்ளைப் பதவியைத் தமிழக அரசு 1980-இல் ஒழித்தது. சாதியோடு கட்டிக் கிடந்த பதவி அது, ஒழிந்தது நியாயம். ஆனால் பதவியோடு நிலத்தைப் பற்றிய அறிவு கைமாறும் வழியும் அறுந்தது, அதற்கு மாற்று ஏற்பாடு வரவில்லை. அந்த இடத்துக்கு வந்த கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) ஊரைப் புரிந்துகொள்ளும் வேளையில் மாறுதல் உத்தரவு வந்துவிடுகிறது. 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். எனும் நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பெயர் மாறியது, பரப்பு குறைந்தது, பக்கத்துக்காரரின் உட்பிரிவு தன் பட்டாவில் ஏறியது. ‘யு.டி.ஆர். தவறு’ என்றால் தமிழ்நாட்டில் விளக்கம் தேவையில்லாத அளவுக்கு அது பரவிவிட்டது. ஒவ்வொரு தவறுக்கும் ஒரு மனு, ஒரு விசாரணை, ஓர் உத்தரவு. பத்துப் பேருக்கு ஒரே காரணத்தால் ஒரே பிழை நேர்ந்திருந்தாலும் கோப்புகள் பத்துதான். பிழை எந்த வடிவத்தில் திரும்பத் திரும்ப வருகிறது என்பது சர்வேயருக்கும் பத்திர எழுத்தருக்கும் தெரியும். அதை எழுதி வைக்க அரசின் நிலப்பதிவு மென்பொருளான ‘தமிழ் நிலத்தில்’ பெட்டி கிடையாது. பட்டாவையும் புலப்படத்தையும் இணையத்தில் இறக்கிக்கொள்ள முடிவது பெரிய வசதி, அதில் சந்தேகமில்லை. அது அரசிடமிருந்து மக்களுக்கு வரும் வழி. மக்களிடமிருந்து திரும்பிப் போகும் வழி இன்றும் மனுதான்.

இந்த வட்டாரத்தில் அந்தக் குறை கூர்மையாகிறது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2017-இல் வல்லம் வடகாலில் ராயல் என்ஃபீல்டு என்று கால் நூற்றாண்டுக்குள் வயல்கள் அரசின் சிப்காட் தொழிற்பேட்டை மனைகளாயின. நிலம் மாறிய வேகத்துக்குத் தாள் ஓடவில்லை.

இனி வெள்ளப்படம். 2015 டிசம்பர் 1-ஐ ஒட்டிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் ஏறத்தாழ 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை கொட்டியது. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டது. அந்த நாட்களில் மேப்பாக்ஸ் நிறுவனத்தில் இருந்த அருண் கணேஷ், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் சாலைகளை அடித்தளமாக வைத்து ஒரு படம் போட்டார். உங்கள் தெருவைத் தொட்டால் அது வெள்ளம் சூழ்ந்த தெருவாகக் குறிக்கப்படும். அவ்வளவுதான் வேலை. ஆயிரக்கணக்கான தெருக்கள் குறிக்கப்பட்டன.

இத்தனை விரைவில் அது முடிந்ததற்குக் காரணம், தொடுவதற்குத் தெருக்கள் ஏற்கெனவே அங்கே இருந்தன. பல ஆண்டுகளாகத் தன்னார்வலர்கள் அவற்றை வரைந்து, ஒருவர் போட்ட கோட்டை மற்றவர் சரிபார்த்து வந்திருந்தார்கள். இந்த வரைபடத்தில் ஒவ்வொரு திருத்தமும் செய்தவர் பெயரோடும் தேதியோடும் பதிவாகும். ஏன் செய்தார் என்றும் குறிக்கலாம். பழைய நிலை அழியாது. தகராறு என்றால் அங்கேயே பேசலாம். எதை எப்படி வகைப்படுத்துவது என்பதையும் பயன்படுத்துகிறவர்களே முன்மொழியலாம். புலப்படத்தில் ஒரு கோடு ஏன் நகர்ந்தது என்று அறிய வேண்டுமானால் தாலுகா அலுவலகத்தில் கோப்பைத் தேட வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் பொது வரைபடம் வெகுதூரம் முன்னால் நிற்கிறது.

ஆனாலும் தெருவைத் தொட்ட ஆயிரக்கணக்கானோர் பயில்குழு ஆகிவிடவில்லை. தண்ணீர் வடிந்ததும் அவர்களும் கலைந்தார்கள். அன்று மின்சாரமும் கைபேசி இணைப்பும் போயிருந்த இடங்களில், ஆழமான தண்ணீரில் நின்றவரால் எதையும் தொட்டிருக்க முடியாது. அந்தப் படத்தின் அலகு தெரு. வெள்ளமோ மேலே, ஏரிகளில் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரி செம்பரம்பாக்கத்துக்கும், மணிமங்கலம், ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரி அடையாற்றுக்கும் போகிறது. கலங்கல் எப்போது வழியத் தொடங்கியது, எந்தப் போக்குக்கால் அடைபட்டிருந்தது என்பவற்றைக் குறிக்க அந்தப் படத்தில் இடமில்லை. அது அவசரத்துக்குப் போட்ட படம், அதைக் குற்றமாகச் சொல்ல மாட்டேன். 2019-இல் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் ஐ.ஐ.டி.களோடும் அண்ணா பல்கலைக்கழகத்தோடும் சேர்ந்து சென்னைக்கு உருவாக்கிய வெள்ள முன்னறிவிப்பு முறை நிலத்தின் உயரத்தையும் மழையையும் கணக்கில் எடுக்கிறது. மடையைத் திறந்து மூடுகிறவரின் அறிவு அத்தகைய கணக்குக்கும் வெளியேதான் நிற்கும்.

ஜகார்த்தா வேறு வழியில் போனது. அங்கே மொத்தம் 267 கெலுராஹன்கள். நம் வார்டு போன்றவை. 2012-இல் பேரிடர் மேலாண்மை அமைப்பு அவற்றின் அலுவலர்களை அழைத்து, பல்கலைக்கழக மாணவர்களோடு கணினி முன் உட்கார வைத்து, குடியிருப்பு எல்லைகளையும் பள்ளி, மருத்துவமனை போன்றவற்றையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றியது. 2013 ஜனவரியில் வெள்ளம் வந்தபோது, எந்தக் குடியிருப்பு மூழ்கியது என்று காட்ட அதே எல்லைகள் கையில் இருந்தன. ஊரறிந்தவர் சொல்ல, கணினி அறிந்தவர் வரைய, அரசு அதைப் பயன்படுத்தியது. இந்த மூவரும் வெள்ளத்துக்கு முன்பே ஒரே அறையில் உட்கார்ந்தது நம்மிடம் நடக்காத காரியம்.

ஆகவே, என் பார்வையில், புலப்படத்துக்கு அறிந்த கூட்டம் இருக்கிறது, உள்ளே வர வழியில்லை. பொது வரைபடத்துக்கு வழி திறந்திருக்கிறது, அறிந்த கூட்டம் வரவில்லை. புலப்படத்தையும் யாரும் திருத்தலாம் என்று திறந்துவிடச் சொல்லவில்லை. சென்ட் விலை இந்த அளவுக்கு ஏறிய வட்டாரத்தில் ஒரு வாய்க்காலை அழிக்க ஆள் வருவார். உடைமைக் கோடு பொறுப்புள்ள அலுவலரிடமே இருக்கட்டும். ஆனால் நீர் போகும் வழி, சாலையின் நிலை, பேருந்து நிற்கும் இடம் ஆகியவற்றுக்கு அந்தப் பூட்டு வேண்டாம்.

இரண்டு படங்களிலும் அநேகமாகக் காணாமல் போகிறவர்கள் இங்கே வேலைக்கு வந்திருக்கும் பெண்கள். வல்லம் வடகாலில் 2024-இல் திறக்கப்பட்ட சிப்காட் விடுதி 18,720 பெண்கள் தங்குவதற்கானது. ஒரு சிற்றூரைவிடப் பெரிய மக்கள்தொகை, புலப்படத்தில் வெறும் சர்வே எண். இரவு ஷிப்ட் முடித்து வருகிறவருக்கு எந்தச் சாலையில் விளக்கு எரிகிறது என்பது முக்கியம். பொது வரைபடத்தில் ஒவ்வொரு சாலைக்கும் விளக்கு உண்டா இல்லையா என்று குறிக்கும் வசதி இருக்கிறது. அதை நிரப்பத் தகுதியானவர்கள் அந்தப் பெண்களும் கம்பெனி பஸ் ஓட்டுநர்களும்தான்.

தொடங்குவதற்குச் சட்டமும் கையில் இருக்கிறது. ஏரிகளை அளந்து எல்லை காட்டும் வரைபடம் தயாரித்து வெளியிட 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. 2000-ஆம் ஆண்டுப் பாசனச் சட்டம் விவசாயிகளுக்கு நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் தருகிறது. வல்லக்கோட்டை இருக்கும் குறுவட்டத்தில் மாதம் ஒரு நாள், சங்கத்தினர், சர்வேயர், வி.ஏ.ஓ., பொது வரைபடத்தில் கைப்பழக்கம் உள்ள இரண்டு மாணவர்கள், விடுதியிலிருந்து சிலர் என்று உட்காரலாம். ஏரி எல்லை புலப்படத்திலிருந்து வரட்டும். கலங்கலும் மதகும் போக்குக்காலும் சங்கத்தினர் சொல்லப் பொது வரைபடத்தில் ஏறட்டும். இரண்டும் முரண்படும் இடங்கள் காரணத்தோடு எழுதப்பட்டுத் தாசில்தாருக்குப் போகட்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வருகிறது. ஆடியில் ஏரிகள் வற்றியிருக்கும்போது கலங்கல்வரை நடந்து பார்த்துவிடலாம்.