வாளும் அரமும்

தச்சர் ஒருவர் பலகை அறுக்கும் ஓசையை என்றேனும் செவிமடுத்துக் கேட்டிருக்கிறீர்களா? கூரிய வாள் ஒரே சீராக ஒலித்துச் செல்லும். மழுங்கிய வாளோ திணறும். குறித்த கோட்டை விட்டு விலகி ஓடும். அப்போது அவர் வேலையை நிறுத்துவார். வாளை இரு கட்டைகளுக்கிடையே இறுக்கிப் பல் மேலாக நிறுத்துவார். முப்பட்டை அரம் ஒன்றை எடுத்து ஒவ்வொரு பல்லாக அராவத் தொடங்குவார். இந்தச் சிறு வேலைக்குப் பின்னே மனிதகுலத்தின் நெடிய வரலாறு ஒன்று இருக்கிறது. அதன் முதல் ஏடும் அண்மை ஏடும் நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே காணக் கிடைப்பது வியப்பன்றோ?

1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள், நிலவியல் அறிஞர் இராபர்ட் புரூஸ் பூட் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில், வில்லியம் கிங் என்பவருடன் கொற்றலையாற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தையும் கண்டறிந்தார். அங்குக் கிடைத்த கற்கருவிகளுள் மிகப் பழையவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. கல்லின் ஓரத்தைச் சில்லுச் சில்லாகப் பெயர்த்துக் கூராக்கியவர்கள் அக்காலத்து மக்கள். ஓரம் மழுங்கினால் மீண்டும் சில சில்லுகளைத் தட்டினால் போதும். கருவி புத்துயிர் பெறும். இவ்வாறு பார்த்தால், கூர்தீட்டும் கலை உலோகத்துக்கும் மூத்தது என்பது புலனாகும்.

உலோகம் வந்தபின் பல் வைத்த வாள் பிறந்தது. சிந்துவெளி மக்கள் சங்கை அறுத்து வளையல் செய்தனர். அறுபட்ட சங்குகளில் வாளின் தடம் இன்றும் தெரிகிறது. செம்பு மென்மையானது, தள்ளினால் வளைந்துவிடும். ஆகையால் பண்டை எகிப்திய வாள்கள் தள்ளும்போது அறுக்காமல், இழுக்கும்போது அறுப்பனவாக அமைந்தன.

நம் சங்கப் புலவர்களும் சங்கு வளையல் அறுக்கும் கருவியை அறிந்திருந்தனர். அரம் என்றும் வாளரம் என்றும் அவர்கள் அதனைக் குறித்தனர். திருக்குறளில் அரம் மூன்று இடங்களில் வருகிறது: அரசனின் வலிமையைத் தேய்க்கும் கடுஞ்சொல்லுக்கும், குடியைத் தேய்க்கும் உட்பகைக்கும், பண்பில்லாதவரின் அறிவுக் கூர்மைக்கும் அதனையே சான்றாக எடுத்துக் காட்டுகிறார் வள்ளுவர். பட்டறைக் கருவி ஒன்று இத்தனை இடங்களில் விளக்கமின்றி ஆளப்படுகிறது என்றால், அது அக்கால மக்களுக்கு எவ்வளவு பழகிய பொருளாக இருந்திருக்க வேண்டும்!

ஆனால் அரம் வாளைத் தீட்ட வேண்டுமாயின் ஒரு நிபந்தனை உண்டு: அது வாளினும் கடினமாக இருத்தல் வேண்டும். அதற்குத் தேவை நல்ல எஃகு. எஃகு செய்வதில் தென்னாட்டவர் பெயர்பெற்றவர்கள். கொங்குநாட்டுக் கொடுமணலில் மூசை எனப்படும் மண்குகையில் இரும்பை உருக்கி எஃகாக்கியதற்கான தடயங்கள் கிடைத்துள்ளன. ஐரோப்பியர் 'ஊட்சு' என்றழைத்த இவ்வகை எஃகின் மறைபொருளை அறிய, இலண்டனில் கத்தி செய்யும் தொழில்வல்லுநர் சுடோடார்ட்டும் மைக்கேல் பாரடேயும் 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பல சோதனைகள் நடத்தினர். பாரடே ஒரு கொல்லரின் மகன் என்பதை இங்கே நினைவிற்கொள்ளுதல் தகும்.

இனி, தீட்டும் முறையைக் காண்போம். முதலில் தட்டை அரத்தை வாளின் பல்நுனிகள்மீது நெடுக ஓட்டி, எல்லாப் பற்களையும் ஒரே உயரத்திற்குக் கொணர வேண்டும். அடுத்து, முப்பட்டை அரத்தால் பல்லின் வடிவைச் சீராக்க வேண்டும். அவ்வரத்தின் ஒவ்வொரு மூலையும் 60 பாகை; ஆகவே இரு பற்களுக்கிடையே உள்ள பள்ளமும் 60 பாகையாகவே அமையும். மூன்றாவதாக, பற்களை ஒன்றுவிட்டு ஒன்றாக இடமும் வலமும் சிறிதே சாய்த்தல். இதனால் அறுப்பு வாளின் கனத்தைவிடச் சற்று அகன்று, வாள் மரத்தில் சிக்காமல் ஓடும். சாய்வு மிகுந்தால் மரமும் வீண், உழைப்பும் வீண். இறுதியாகக் கூராக்குதல். மரத்தை நீளவாட்டில் அறுக்கும் வாளுக்கு அரத்தை நேர்குறுக்காக ஓட்டுவர்; அதன் பல் உளிபோல் செதுக்கும். நாரைக் குறுக்கே அறுக்கும் வாளுக்கு அரத்தைச் சாய்வாகப் பிடிப்பர். அதன் பல் கத்திமுனைபோல் நாரை வெட்டும். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே அழுத்தம், ஒரே எண்ணிக்கை. கண்ணும் கையும் ஒன்றுபட்டாலன்றி இது கைகூடாது. இதனைப் புத்தகத்தால் மட்டும் கற்க இயலாது. ஒருவர் தீட்ட மற்றொருவர் அருகிருந்து பார்த்தே கற்க வேண்டும்.

அந்தப் பார்த்துக் கற்கும் வாய்ப்புத்தான் இன்று அருகி வருகிறது. இப்போது விற்கும் கைவாள்கள் பலவற்றின் பற்கள் மின்தூண்டலால் நொடிப்பொழுதில் சூடேற்றிக் கடினமாக்கப்பட்டவை. அவை நெடுநாள் மழுங்குவதில்லை. மழுங்கினாலோ எந்த அரமும் அவற்றில் பதியாது. தூக்கி எறிவதே வழி. அந்த மின்தூண்டலை 1831-இல் கண்டறிந்தவர் யார்? நம் எஃகை ஆராய்ந்த அதே பாரடேதான்!

1971-இல் தோன்றிய சிப்காட் நிறுவனம் அமைத்த தொழில் வளாகங்களுள் கும்மிடிப்பூண்டியும் ஒன்று. அப்பகுதி ஆலைகளில், எறியப்பட்ட பழைய இரும்பு அதே மின்தூண்டல் உலைகளில் உருகிக் கம்பியாகவும் கட்டியாகவும் மறுபிறவி எடுக்கிறது. எனவே எறிந்த வாளின் இரும்பு வீணாவதில்லை. ஆயினும், உலை இரும்பை மீட்டுத் தரும். தீட்டும் கையை மீட்டுத் தருமா? ஒரு தலைமுறை கற்காமல் விட்டால், அடுத்த தலைமுறைக்குக் கற்பிப்பார் எவர்?

மாணவ நண்பர்களே! உங்கள் வீட்டுப் பரணில் பாட்டனார் காலத்து வாள் ஒன்று துருவேறிக் கிடக்கலாம். அதனை எறியுமுன் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். கைப்பிடியை ஒட்டிய கடைசிப் பல்லில் அரத்தை மெல்ல ஓட்டுங்கள். அரம் வழுக்கினால் அது கடினமாக்கப்பட்ட பல். அரம் பற்றி இரும்புத்தூள் உதிர்ந்தால், அந்த வாள் இன்னும் பல்லாண்டு உழைக்கும். பிறகு, அதனைத் தீட்டத் தெரிந்த முதியவர் ஒருவரைத் தேடிச் செல்லுங்கள். அவர் அராவும்போது அருகில் அமர்ந்து பாருங்கள். அத்திரம்பாக்கத்து ஆற்றங்கரையில் கல்லைத் தட்டியவனின் அருகிலும் இப்படித்தான் ஒரு சிறுவன் அமர்ந்து பார்த்திருப்பான்.